மணலில் ஓடும் சக்கரங்கள்

ஜீப் என்றாலே முன்னாளில் காவல்துறையும் வனத்துறையுமே நம் நினைவுக்கு வரும். 1947ஆம் ஆண்டு பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கிய காலத்தில், அவை கரடுமுரடான வழிகளில் பணிபுரிவதற்கென்றே வாங்கப்பட்டன. இன்றோ நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகள் நடுத்தரக் குடும்பங்களின் வாயிலிலும் நிற்கின்றன. விடுமுறை வந்ததும் இளைஞர்கள் அவற்றில் ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைகின்றனர். தார்ச்சாலை மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. சவுக்குத் தோப்புகளின் மணற்பாதையிலும் அலையோரத்திலும் ஓட்டிப் பார்க்க விழைகின்றனர். இதனைத் தடுப்பதா, விடுவதா எனப் பெற்றோர் தயங்குவதுண்டு. இத்திங்கள் அதுபற்றிச் சிந்திப்போம்.

மணலில் வண்டி ஓட்டுவது ஒரு கலை என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்குக் கைவலிமையைவிடப் பொறுமையே மிகுதியும் வேண்டும். சாலையில் 30 என்று அளவுமானி காட்டும் டயர்க் காற்றை, மணலில் இறங்குமுன் 18 அளவிற்கேனும் குறைப்பர். அவ்வாறு செய்தால் டயர் அகன்று, மணலை வெட்டாமல் அதன்மேல் மிதந்து செல்லும். திடீரெனப் பிரேக்கை மிதித்தால் சக்கரத்தின் முன்னே மணல் குவிந்துவிடும். வண்டி புதைந்தபின் ஆக்ஸிலேட்டரை அழுத்துவதோ குழியை ஆழமாக்குவதேயாகும். மணலை வாரி அகற்றி, வந்த தடத்திலேயே பின்வாங்குவதே அறிவுடைமை. வீடு திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவாவிடில் உப்பு இரும்பை அரித்துவிடும்.

கலை நன்றே, ஆனால் அதற்குரிய களம் எது? முட்டுக்காட்டிலிருந்து கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியே பாலாற்று முகத்துவாரத்தையும் கடந்து ஆலம்பரைக் கோட்டை வரை நீளும் நம் செங்கற்பட்டுக் கடற்கரை, கண்ணுக்கு வெறும் மணலாகத் தோன்றும். உண்மையில் அதில் ஆளற்ற இடம் மிகக் குறைவு.

சவுக்குத் தோப்பை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் ஓர் உழவரின் முதலீடு. சில ஆண்டுகள் காத்திருந்து கழிக்கும் விறகுக்கும் வெட்டி விற்பதற்காக வளர்க்கப்படுவது. ஏனையவை வனத்துறைக்கு உரியவை. கோடையில் அங்கே சருகு மெத்தைபோல் படிந்திருக்கும். சூடேறிய புகைக்குழாய் அதில் பட்டால் தீப்பற்றக் கூடும். உரியவர் இசைவின்றி உள்ளே நுழைதல், பிறர் வயலில் மாட்டை விடுவதற்கு ஒப்பானதன்றோ?

அடுத்து மணல்மேடுகள். அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வேரோடி, காற்றடித்த மணலைப் பிடித்து வைத்தே மேடுகளை உருவாக்குகின்றன. சக்கரம் மீண்டும் மீண்டும் ஏறினால் கொடி அறுந்து மாளும். மேடு காற்றில் கரையும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இம்மேடுகளின் அருமையைக் கடலோர மக்கள் கண்கூடாக உணர்ந்தனர்.

மூன்றாவது, பங்குனி ஆமை. சனவரி முதல் மார்ச்சு வரை இரவு வேளையில் தாய் ஆமை கரையேறி, முழங்கை அளவு ஆழக் குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுச் செல்கின்றது. 45 முதல் 60 நாள்களுக்குள் குஞ்சுகள் வெளிவரும். மேலே வண்டி ஏறினால் மணல் இறுகி, குஞ்சுகள் மேலெழ இயலாது போகும். தப்பி வெளிவந்தவையும் டயர்த் தடத்தில் விழுந்தால், கடலை நோக்கிச் செல்லாமல் அப்பள்ளத்தின் வழியே அலைந்து, காக்கைக்கும் நாய்க்கும் இரையாகும். 1988 முதல் சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் மணலில் நடந்து இம்முட்டைகளைக் காத்து வருகின்றனர். 2025 சனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. கடலிலே வலையால் துன்புறும் உயிருக்குக் கரையிலும் நாம் பகையாகலாமோ?

“ஈரமணலில்தானே ஓட்டுகிறோம், அங்கே முட்டை ஏது?” என்று இளைஞர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயின் ஈரமணலை அடைவதற்கு, முட்டைகள் உள்ள உலர்மணலைக் கடந்தே ஆகவேண்டும். மேலும், அந்த ஈரமணல் மீனவரின் முற்றம். அங்கேதான் கரைவலை இழுக்கின்றனர். சற்று மேலே வலையும் மீனும் உலர்கின்றன. குப்பத்துச் சிறுவர் விளையாடுகின்றனர். அலையின் ஓசையில் பின்னால் வரும் வண்டியின் ஒலி அவர்தம் செவிக்கு எட்டுவதில்லை.

சட்டமும் இதனைக் கருதியுள்ளது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமை இடம்பெற்றுள்ளது. 1991இல் வெளிவந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, பொழுதுபோக்கிற்காக மணல்மேடுகளைச் சிதைப்பதற்குத் தடை விதித்தது. தென்னாப்பிரிக்க அரசு 2001ஆம் ஆண்டின் இறுதியில் விதி வகுத்து, நாடெங்கும் கடற்கரைகளில் பொழுதுபோக்கு வண்டிகள் ஓடுவதை நிறுத்திவிட்டது.

அவ்வாறாயின் இளைஞரின் ஆசைக்கு இடமே இல்லையா? உண்டு. கேரளத்தில் கண்ணூரை அடுத்த முழப்பிலங்காட்டில், ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளக் கடற்கரை வண்டியோட்டத்திற்கென்றே பெயர்பெற்றது. அங்கே மணல் இயல்பாகவே இறுகிக் கிடக்கின்றது. இசைவுபெற்ற தனியார் நிலங்களில் பழகுநர்க்குப் பயிற்சியும் அளிக்கின்றனர். அங்கே கற்கட்டும், வண்டியைப் புதைத்து, தாமே தோண்டியும் எடுக்கட்டும்.

பெற்றோரே, வண்டிச் சாவியைக் கொடுக்கும்போது, “மெதுவாகப் போ” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர். எங்கே ஓட்டப் போகிறாய், அந்நிலம் யாருடையது, யாரைக் கேட்டாய் என்றும் வினவுங்கள். கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளோடு மணலில் நடந்து செல்லுங்கள். வண்டியின் வேகத்தில் காணாதவற்றைக் காலடிகள் காட்டும்.