டூ - டிட் - டன்: நான் ஒப்பிக்க வைத்த பாவம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வேலைக்கான நேர்காணலில் ஒரு பையன், "ஐ டிட் மெனி மிஸ்டேக்ஸ் சார்" என்கிறான். அதற்குக் கீழே சிரித்து உருளும் பொம்மைகள் பதினேழு. எண்ணிப் பார்த்தேன். அதில் நாலு பேர் என்னிடமே படித்தவர்கள். உங்களைத்தான் கேட்கிறேன், கண்ணுகளா: அந்தப் பையன் செய்தது என்ன குற்றம்? தமிழில் தவறு 'செய்கிறோம்', வீட்டுப்பாடம் 'செய்கிறோம்', உதவி 'செய்கிறோம்', போன்கூட 'செய்கிறோம்'. எல்லாவற்றுக்கும் ஒரே வினை. ஆங்கிலக்காரன் மிஸ்டேக்குக்கு மேக், ஹோம்வொர்க்குக்கு டூ என்று பிரித்து வைத்திருக்கிறான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே காரணம் சொல்லத் தெரியாது. அந்தப் பையனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை நான் உறுதியாகச் சொல்வேன். ஏனென்றால் சொல்லிக்கொடுக்காதவர்களில் நானும் ஒருத்தி.

என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காலையில் முதல் வேலை, மூன்று வடிவங்களையும் ராகம் போட்டு ஒப்பிப்பது. டூ - டிட் - டன். மேக் - மேட் - மேட். டேக் - டுக் - டேக்கன். கரும்பலகையில் அர்த்தம்: டூ என்றால் செய், மேக் என்றால் செய். இரண்டுக்கும் ஒரே அர்த்தம் எழுதிப் போட்டுவிட்டு, பரீட்சைத் தாளில் 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று வந்தால் சிவப்பு மையில் சுழித்தேன். ஓரத்தில் ஒரு வார்த்தை விளக்கம் எழுதியதில்லை. அரை மார்க்கும் குறைத்தேன்.

அந்தச் சுழி எவ்வளவு தூரம் போகும் என்பது போன மாதம்தான் தெரிந்தது. 90களின் நடுவில் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண், இப்போது நர்ஸ், தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மகள் பத்தாவது, ஆங்கில மீடியம். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தால் இவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவாளாம். மகளுக்குக் கணக்கில் மார்க் குறைந்ததற்குக் காரணம் கேட்க நினைத்து மூன்று கூட்டம் போனாள், கேட்கவில்லை. "தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயம் டீச்சர். நீங்க செவப்பு மையில சுழிச்சது இன்னும் கண்ணுலயே நிக்குது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் காபி இறங்கவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக அவள் வேலையைப் பற்றிக் கேட்டேன். டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் என்ன சொல்வாய், அப்படியே சொல்லு பார்ப்போம் என்றேன். கடகடவென்று வந்தது ஆங்கிலம். டேக் த டெம்பரேச்சர், கிவ் த இன்ஜெக்‌ஷன், சேஞ்ச் த டிரெஸ்ஸிங். ஒரு இடத்தில் தடங்கல் இல்லை. தமிழில் நாம் ஊசி 'போடுகிறோம்'. அவள் ஒருநாளும் 'புட் இன்ஜெக்‌ஷன்' என்று சொன்னதில்லை. காய்ச்சல் 'பார்க்கிறோம்'. அவள் 'சீ ஃபீவர்' என்று சொன்னதில்லை. ஏன்? வார்டில் யாரும் அவளுக்கு கிவ் என்றால் கொடு, டேக் என்றால் எடு என்று பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. சீனியர் சொன்னதை முழுசாகக் கேட்டாள், முழுசாகவே திருப்பிச் சொன்னாள். வினையும் பெயரும் கணவன் மனைவி மாதிரி சேர்ந்தே வந்து, சேர்ந்தே மனதில் குடியேறிவிட்டன.

இரண்டு வருடம் பயிற்சிப் பள்ளியில் படித்துப் பட்டயம் வாங்கிய எனக்கு இது தெரியாது. வார்டில் ஒரு சீனியர் நர்ஸுக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது எங்கே தெரியுமா? இது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. ஹரால்ட் பால்மர் என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலையில் இருந்தவர். ஜப்பானியப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து, சேர்ந்தே வரும் சொற்களைப் பற்றி 1933இலேயே டோக்கியோவில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு வேலை பார்த்த ஹார்ன்பி, மாணவர்களுக்கென்று அகராதி தயாரித்தார். 1942இல் டோக்கியோவில் வந்த அந்த அகராதியைத்தான் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. உங்கள் வீட்டு அலமாரியில் இன்றும் அதன் பேரன் பேத்தி ஒன்று இருக்கும். ஒரு சொல்லின் பொருள் அதோடு பழகும் சொற்களில் இருக்கிறது என்று பின்னாளில் லண்டனில் எடுத்துச் சொன்ன ஃபர்த், அதற்கு முன் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். நம் பக்கத்து ஆசியாவில், நம்மைப் போன்றவர்களுக்குப் பாடம் எடுத்தவர்களுக்குத் தெரிந்த விஷயம், 80களில் எங்கள் பயிற்சிப் பள்ளிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. சார்ட் ஒட்டவும் பாடக்குறிப்பு எழுதவும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். நாம் மட்டும் என்ன சும்மாவா? 'போடு' என்ற ஒரு வினையை வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். டீ போடு, சட்டை போடு, கோலம் போடு, கணக்குப் போடு, சண்டை போடு, ஓட்டுப் போடு, மொட்டை போடு. எந்த இலக்கண விதி இதை விளக்கும்? நாலு வயதுப் பிள்ளை பிசகாமல் சொல்கிறது. சளி விஷயம் இன்னும் வேடிக்கை. தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நாம் போய் அதைப் பிடிக்கிறோம், கேட்ச் எ கோல்டு! நாம் கனவைக் காண்கிறோம், அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள், ஹேவ் எ டிரீம். நாம் மாத்திரை சாப்பிடுகிறோம், அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். போட்டோ மட்டும் அதிர்ஷ்டவசமாக இரண்டு பக்கமும் 'எடு', டேக். அதில் நம் பிள்ளைகள் யாரும் தப்பு விடுவதில்லை, கவனித்தீர்களா? இரண்டு மொழியின் ஜோடியும் பொருந்தாத இடத்தில்தான் தப்பு வருகிறது. அது முட்டாள்தனம் அல்ல, தாய்மொழி நன்றாகத் தெரிந்ததன் அடையாளம்.

என் தம்பி மகன் இதைப் படித்துவிட்டுக் கேட்பான்: "அர்த்தம் புரிஞ்சா போதாதா அத்தை?" வீட்டில் போதும்ப்பா. கடைத்தெருவில் போதும். ஆனால் நேர்காணல் அறையில் எதிரே இருப்பவன் உன் அர்த்தத்தைக் கேட்பதற்கு முன் உன்னை எடை போட்டுவிடுகிறான். அது நியாயமில்லை, ஆனால் நடக்கிறது. அதைவிட முக்கியம், ஜோடியாகத் தெரிந்தால் வாய் தானாகத் திறக்கும். ஒவ்வொரு சொல்லாகத் தேடிக் கோத்தால் பாதியில் மூச்சு நின்றுவிடும். என் நர்ஸ் பெண் வார்டில் ஒரு ஆள், பள்ளிக் கூட்டத்தில் வேறு ஆள். வித்தியாசம் அது ஒன்றுதான்.

இந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களையும் சொல்லாமல் விட முடியாது. அவள் மகள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாள். முப்பது நாளில் வெள்ளைக்காரர் மாதிரிப் பேசலாம் என்று பணம் வாங்கிக்கொண்டு, ஐந்நூறு ஜோடிகளை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவளும் ஒப்பித்தாள். 'மேக் த பெட்' என்றால் என்னம்மா என்று கேட்டேன். "கட்டில் செய்றது, கார்பெண்டர் வேலை பாட்டி" என்றாள். எழுந்ததும் விரிப்பைச் சரி செய்வது என்று யாரும் சொல்லவில்லை. பாவம், பாயைச் சுருட்டி மூலையில் வைக்கும் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு என்ன வேலை? என் டூ - டிட் - டன் போய் இவர்களுடைய ஐந்நூறு வந்திருக்கிறது. ஒப்பிப்பது மட்டும் மாறவில்லை.

வெள்ளைக்காரர் மாதிரி எதற்கு? 'ரைட் த எக்ஸாம்' என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நாடு முழுக்கப் புழங்கும் பேச்சு அது, புழங்கட்டும். 'டேக் எ டிசிஷன்' பிரிட்டிஷ்காரர்களே சொல்வது, 'மேக்' மட்டும்தான் சரி என்று பிள்ளையைத் திருத்தாதீர்கள். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் 'டிட் எ மிஸ்டேக்' வேண்டாம்.

வழி கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். வினையிலிருந்து தொடங்காதீர்கள், பெயரிலிருந்து தொடங்குங்கள். சொல்ல வந்தது மிஸ்டேக், அப்பாயின்ட்மென்ட், லோன் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். தெரியாதது அதற்கு முன்னால் வரும் வினைதான். 2002இல் ஆக்ஸ்ஃபோர்டு இதற்கென்றே ஒரு அகராதி போட்டது. பெயரைத் தேடினால் அதோடு சேரும் வினைகள் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்து, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றை வைத்து முழு வாக்கியமாக எழுதுங்கள். மெக்கானிக் என்றால் பட்டறையில் நடந்தது, கணக்கர் என்றால் ஆபீஸில் நடந்தது. வாரத்துக்குப் பத்து போதும். வீட்டில் பிள்ளை தப்பாகச் சொன்னால் நடுவில் வெட்டாதீர்கள். பேசி முடித்ததும் "ஓ, யூ மேட் எ மிஸ்டேக்கா? அப்புறம்?" என்று சரியான ஜோடியைக் காதில் போட்டுவிட்டுக் கதையைக் கேளுங்கள்.

அந்தப் பதினேழு பொம்மைகளில் என் மாணவர்கள் போட்ட நாலையும் இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நர்ஸ் பெண் மறுபடி வருகிறாள். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் இருக்கிறதாம். அங்கே கேட்க வேண்டிய நாலு கேள்வியை முழுசாக, ஜோடி ஜோடியாக, இருவரும் உட்கார்ந்து எழுதப் போகிறோம். பழைய டைரி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். பேனா நீல மை.