டார்பிடோவுக்கு நாமே கணக்குப் போடலாமே!

சைலண்ட் ஹண்டர் 3 (2005) விளையாடுறவங்க ரெண்டு கட்சி. கம்ப்யூட்டரே குறி பார்த்து பச்சை முக்கோணம் காட்டினதும் பட்டனை அமுக்குறவங்க ஒண்ணு. தூரம், வேகம், திசை எல்லாத்தையும் தானே கணக்குப் போட்டு டார்பிடோ விடுறவங்க இன்னொண்ணு. நான் ரெண்டாவது கட்சி.

"காலேஜ்லதான் அக்கவுண்டன்சி, வீட்டுக்கு வந்துமா?"ன்னு பி.காம் கூட்டம் கிண்டல் பண்ணுது. அட, விழுப்புரம் - திண்டிவனம் பஸ்ல ரெண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே செகண்ட் எண்ணினா வேகம் தெரியும்ல, அதேதான். 3 நிமிடம் 15 செகண்டில் கப்பல் எத்தனை நூறு மீட்டர் நகருதோ, அத்தனை நாட். தூரத்துக்கு மாஸ்ட் உயரம் இருக்கு. கப்பலோட மூக்கு எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்குன்னு கண்ணால மதிப்பிடுறதுதான் கஷ்டம்.

நிஜ நீர்மூழ்கியில் இதை ஒரே ஆள் செய்யலை. கேப்டன் சொல்லச் சொல்ல வேறு ஆள் கருவியில் ஏத்துவார். அதனால 'நூறு சதவீத ரியலிசம்'னு மார்தட்டுறதும் ஓவர்தான் :)

ஆனா ஆட்டோவில் சந்தேகம்ங்கிறதே காணாமப் போயிடுது. 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால், பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். கிர்பான் மீது விட்ட முதல் டார்பிடோ வெடிக்கவே இல்லை. அடுத்தது ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடிச்சது. கேப்டன் முல்லாவோடு சேர்த்து 194 பேர் இறந்தாங்க. அது சத்தத்தைத் தேடிப் போற டார்பிடோ. அதுக்கே நிச்சயம் கிடையாது. பச்சை முக்கோணம் பார்த்தே பழகினவனுக்கு இது எப்படிப் புரியும்?

ஆரம்பிக்கிறவங்க துறைமுகத்தில் நிக்கிற கப்பலை அடிங்க. வேகம் பூஜ்யம், ஒரு கணக்கு மிச்சம்.