போனஸ் பணத்தில் ஒரு பங்கு: இல்லாத குழந்தைகளுக்கு எதை, எப்படிக் கொடுப்பது?

"போனஸ் போட்டாச்சா?"

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே கொங்கு மண்டலத்து மில் கேட்டுகளில் இந்தக் கேள்வி ஆரம்பித்துவிடும். சத்தியமங்கலம், புளியம்பட்டி, கோபி பக்கத்து ஆலைகளும் இதற்கு விலக்கல்ல. பணம் கைக்கு வருவதற்குள் புதுத்துணி, பலகாரம், சீட்டுப் பணம், நகைக்கடன் வட்டி எல்லாம் வரிசை கட்டி நிற்கும். அதற்கு நடுவிலும் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்து நிற்பார். "தலைக்கு நூறு ரூபா போடுங்கண்ணா, இல்லாத குழந்தைகளுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுத்துடலாம்."

பல தொழிற்சாலைகளில் இது பழகிப்போன காட்சி. நல்ல பழக்கமும்கூட. ஆனால் நல்ல மனசு மட்டும் போதாது. இது யாருடைய பணம், எந்தக் குழந்தைக்குப் போகிறது, எப்படிக் கொடுக்கப்படுகிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சரியாக இல்லாவிட்டால், கொடுத்த கைக்கும் திருப்தி இல்லை, வாங்கிய கைக்கும் மரியாதை இல்லை.

இது யாருடைய பணம்?

போனஸ் என்பது முதலாளி கொடுக்கும் தீபாவளி இனாம் அல்ல. அது சட்டப்படியான உரிமை. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வகுத்த கணக்குப்படி, ஆண்டில் 30 நாட்களாவது வேலை செய்தவருக்குக் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் போனஸ். 8.33 சதவீதம் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆனால் முழுச் சம்பளத்துக்கும் கணக்குப் போடுவதில்லை. 2015 திருத்தத்தின்படி மாதம் 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்சக் கூலி, இதில் எது அதிகமோ அதை வைத்துத்தான் கணக்கு. 7,000 ரூபாயை வைத்துப் பார்த்தால், ஒரு வருட உழைப்புக்குக் குறைந்தபட்ச போனஸ் ஏறக்குறைய 7,000 ரூபாய்தான். அந்த 7,000-த்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் 100 ரூபாய்க்கு இருக்கும் எடை வேறு.

இதையும் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் செலவையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம், அல்லது சொத்து மதிப்பு, விற்றுமுதலில் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அது கம்பெனியின் கடமை. தொழிலாளர்கள் தங்கள் பாக்கெட்டிலிருந்து போட்ட பணத்தில் வாங்கிய பொருளுக்குப் பின்னால் கம்பெனி பேனரைக் கட்டி, படம் எடுத்து, ஆண்டறிக்கையில் சேர்ப்பது நியாயமில்லை. நிர்வாகத்துக்கு நிஜமாகவே ஆர்வம் இருந்தால் வழி எளிது: தொழிலாளர்கள் எவ்வளவு சேர்த்தார்களோ, அதே அளவு தொகையைத் தன் பங்காகத் தனியாகப் போடட்டும்.

இன்னொன்று, வசூல் கட்டாயம் ஆகக்கூடாது. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை உண்டு. "எல்லாரும் குடுக்கறாங்க" என்று சொல்லிப் பிடித்தம் செய்ய யாருக்கும் அதிகாரமில்லை. சூப்பர்வைசர் கையில் நோட்டு இருந்தால், ஒப்பந்தத் தொழிலாளியோ, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் தொழிலாளியோ மறுக்கத் தயங்குவார். போனஸே வாங்காதவர்கூட நூறு ரூபாயை நீட்டிவிடுவார். கேன்டீனில் பூட்டுப் போட்ட உண்டியல் ஒன்றை வைத்துவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை. யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

எந்தக் குழந்தைக்கு?

பொதுவாக வசூல் பணம் போகும் இடம், டவுனில் இருக்கும் ஏதோ ஒரு காப்பகம். போவதில் தப்பில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டியது, அந்த இல்லம் சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி பதிவு செய்யப்பட்டதா என்பதை. பதிவில்லாத இல்லம் நடத்துவதே குற்றம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, காப்பகத்தில் இல்லாத குழந்தைகள். சத்தியமங்கலத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் மலை. கடம்பூர், ஆசனூர், தாளவாடி வட்டாரங்களில் ஊராளி, சோளகர், மலையாளி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோர் கிளம்பும்போது பிள்ளைகளும் கூடவே போக, பள்ளிக்கூடம் பாதியில் நிற்பது இந்த மலையில் பல காலப் பிரச்சினை. இப்படி நின்றவர்களுக்காக நடந்துவந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பயிற்சி மையங்கள், 2021-ல் அத்திட்டம் சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டபின் பழைய வடிவில் இல்லை.

பவானிசாகரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அதைவிடப் பக்கத்தில், மில் குவார்ட்டர்ஸிலேயே வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள் இருக்கலாம். பக்கத்து மெஷினில் நிற்பவரின் பிள்ளை பள்ளியில் சேர்ந்திருக்கிறதா என்று விசாரிக்க ஒரு பைசா செலவில்லை.

என்ன வாங்குவது?

நோட்டு, பேனா, ஸ்கூல் பேக். பெரும்பாலான வசூல் இதில்தான் முடிகிறது. ஆனால் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடநூல், நோட்டு, பை, காலணி, சீருடை எல்லாம் விலையில்லாமல் கிடைக்கின்றன. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு பை இருக்கும் குழந்தைக்கு மூன்றாவது பை எதற்கு?

கடைக்குப் போவதற்கு முன் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் போட்டால் போதும். இடைவெளி எங்கே என்று அவருக்குத் தெரியும். மலையில் குளிருக்கு ஸ்வெட்டர், போர்வை. பஸ் போகாத ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வண்டி வாடகை. பத்தாம் வகுப்பு முடித்து வெளியூர் போகும் பிள்ளைக்கு ஹாஸ்டல் பெட்டி, படுக்கை, முதல் மாதச் செலவு.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ஒரு பொருளே அல்ல, காகிதம். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தை 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் மாணவிகளுக்குப் 'புதுமைப் பெண்', மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இதற்கெல்லாம் ஆதார், சான்றிதழ், வங்கிக் கணக்கு வேண்டும். மலையிலிருந்து தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை இறங்கி ஏறினால் நாலு நாள் கூலி போச்சு. அந்தக் கூலியையும் பஸ் செலவையும் வசூல் பணத்திலிருந்து கொடுத்து, ஃபாரம் நிரப்பத் தெரிந்த ஒருவர் கூடப் போனால், சில நூறு ரூபாய்ச் செலவில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய் வரும்.

எல்லாச் சிக்கலும் இப்படித் தீராது. மலையாளி சமூகத்தினர் சேலம், தருமபுரி மாவட்டங்களில் பழங்குடியினர். அதே மக்கள் ஈரோடு மாவட்டத்தில் பட்டியலில் இல்லை. உதவித்தொகையும் இடஒதுக்கீடும் அங்கேயே அடைபட்டுப் போகின்றன. அதை எந்த உண்டியலும் திறக்காது, அரசுதான் திறக்க வேண்டும்.

எப்படிக் கொடுப்பது?

மேடை போட்டு, குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, பொட்டலத்தின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையைக் குழந்தையும் பிடிக்க ஒரு போட்டோ. அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி போன்ற அடையாளங்களை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சட்டம் கிடக்கட்டும். நாளைக்கு அதே பிள்ளை வகுப்பில் உட்காரும்போது, பக்கத்துப் பையன் செல்போனில் அந்தப் படத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் 1947-ல் லாஸ் ஏஞ்சலிஸில், கடற்படைக் காலாட்படையின் ரிசர்வ் வீரர்கள் கிறிஸ்துமஸுக்காக ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மை சேகரிக்கத் தொடங்கினார்கள். 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' என்ற அந்த இயக்கம் இன்றும் நடக்கிறது. அதன் விதிகள் எளிமையானவை. பொம்மை புதிதாக இருக்க வேண்டும். வண்ணத்தாளில் சுற்றித் தரக்கூடாது, அப்போதுதான் எந்த வயதுக்கு எது என்று பிரிக்க முடியும். குடும்பங்களுக்குக் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் உள்ளூர் அமைப்புகளின் வேலை.

இந்த மூன்றும் நம் ஊருக்கும் பொருந்தும். பழைய துணி மூட்டையைத் 'தானம்' என்று மலையேற்ற வேண்டாம். சைஸ் கேட்டு வாங்கலாம். பொருளைப் பெற்றோர் கையில் முன்னதாகவே சேர்த்துவிட்டால், தீபாவளி அன்று காலையில் அப்பா கொடுத்த சட்டையாகவே அது பிள்ளைக்குப் போகும். புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களுக்குப் பட்டாசுப் பெட்டி வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் இனிப்பால் என்ன மாறிடும்?

இந்தக் கேள்வியும் வரும். பெரிதாக எதுவும் மாறாதுதான். ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு முறுக்கும் மைசூர்பாகும் எதையும் மாற்ற வேண்டிய கட்டாயமில்லாமல் கிடைக்கும்போது, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்த நிபந்தனை? பண்டிகை அன்று சந்தோஷமாக இருப்பதும் ஒரு தேவைதான்.

அதோடு நின்றுவிடக்கூடாது என்பதுதான் விஷயம். 300 பேர் தலைக்கு 100 ரூபாய் போட்டால் 30,000 ரூபாய். பாதியைத் தீபாவளிக்குச் செலவு செய்துவிட்டு, மீதி 15,000-த்தை ஜூன் மாதத்துக்கு ஒதுக்கி வைக்கலாம். வரவு செலவை ஒரு தாளில் எழுதிக் கேன்டீன் சுவரில் ஒட்டலாம். பள்ளி திறக்கும் அந்த வாரத்தில்தான், படிப்பைத் தொடர்வதா, சூளைக்குப் போவதா என்று பல வீடுகளில் முடிவாகிறது. போனஸ் பேச்சு அப்போது மில் கேட்டில் இருக்காது, ஆனால் உண்டியலில் பணம் இருக்கும்.