தோலைத் தைத்தால் மட்டும் போதுமா?

அறுவடை நாட்களில் கையில் அரிவாள் படாத உழவர் வீடு அபூர்வம். இடது கையால் பயிரைச் சேர்த்துப் பிடித்து வலது கையால் அரியும்போது அரிவாள் நழுவினால், இடது கை விரல்களிலோ மணிக்கட்டிலோதான் வெட்டு விழுகிறது. உடனே காப்பித் தூளையோ சுண்ணாம்பையோ அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வயலில் இறங்கிவிடுகிறார்கள். வெட்டு ஆழமானால் அருகிலுள்ள ஊருக்குப் போய் நாலு தையல் போட்டுக்கொள்வதும் உண்டு. பத்து நாளில் புண் ஆறிவிடும். புண் ஆறியதும் கை குணமாகிவிட்டதாக எண்ணுவதில்தான் தவறு நேருகிறது.

சிலருக்குத் தையல் பிரித்த பிறகும் சுண்டுவிரல் மரத்தே இருக்கும். "வெட்டுப்பட்ட கை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை குழிந்திருக்கும். மண்வெட்டிக் காம்பு கையில் நிற்காது. தோலுக்கு அடியில் நரம்பு துண்டாகிப் போனதை அன்றே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே காரணம்.

கையின் பிடிக்கு மூன்று நரம்புகள் பொறுப்பு. மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பு, கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவருகிறது. நாற்றைப் பிரித்து நடுவதும், விதையைக் கிள்ளி எடுப்பதும் இதன் தயவால். முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடுவது அல்னார் நரம்பு. அங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'சுர்' என்று இழுக்குமே, அதுதான். மண்வெட்டியைக் கெட்டியாகப் பூட்டிப் பிடிப்பவை மோதிர விரலும் சுண்டுவிரலும். அல்னார் நரம்பு கெட்டால் அந்தப் பூட்டு கழன்றுவிடும். மூன்றாவது, ரேடியல் நரம்பு. இது விரல்களை மடக்குவதில்லை. மணிக்கட்டைத் தூக்கி நிறுத்துகிறது. அதற்கும் பிடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கி வைத்துக்கொண்டு கையை இறுக மூடிப் பார்க்கட்டும். பிடி இறுகாது.

வெட்டுப்பட்டவுடன் செய்யவேண்டிய சோதனை மிகச் சுலபம். கண்ணை மூடச் சொல்லி, ஒரு வைக்கோல் துரும்பால் ஆள்காட்டி விரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் தொட வேண்டும். பிறகு கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்ல வேண்டும். விரல்களை விரிக்கச் சொல்ல வேண்டும். மணிக்கட்டைத் தூக்கச் சொல்ல வேண்டும். இவற்றில் ஒன்று முடியாவிட்டாலும் வெறும் தையலோடு திரும்பக்கூடாது. "நரம்பு அறுந்திருக்கிறதா?" என்று வைத்தியரிடம் கேட்பதற்கு உழவர் கூச்சப்பட வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும்படி கேட்கவும் உரிமை உண்டு. ரத்தத்தை நிறுத்த, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்தாலே பெரும்பாலும் போதும். சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது நரம்பை மேலும் நசுக்கும்.

இதில் அவசரம் ஏன்? அறுந்த நரம்பைச் சேர்த்துத் தைத்த பிறகு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு 30 சென்டிமீட்டர் என்றால் சுமார் 10 மாதம் ஆகிறது. நரம்பில்லாத தசையோ ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது, சுருங்கி வீணாகிவிடும். அறுவடை முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போடும் மாதங்கள் இந்தக் கணக்கிலிருந்துதான் கழிகின்றன.

எல்லா மரப்பும் வெட்டினால் வருவதல்ல. இரவில் மின்சாரம் வரும் வரை மோட்டார் அறையில், கட்டில் சட்டத்தின்மேல் கையைப் போட்டுக்கொண்டு அயர்ந்து தூங்குகிறவருக்குக் காலையில் மணிக்கட்டு தொங்கிப்போவது உண்டு. பக்கவாதம் என்று வீடே அலறும். ரேடியல் நரம்பு அழுந்தியதால் வந்ததானால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். ஆனால் அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ காலும் சேர்ந்து தளர்ந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

வெட்டும் இல்லை, அழுத்தமும் இல்லை, சுண்டுவிரல் மட்டும் மரத்து வளைகிறது, உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறது என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். மறைக்கவேண்டிய நோயல்ல அது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது, நல்ல தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன கைகளைத் திரும்ப வேலை செய்ய வைத்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் காயப்பட்டே அழிகின்றன என்று எடுத்துக்காட்டியவரும் அவரே.

கதிரடிக்கும் இயந்திரத்தில் கை இழந்தவர்கள் பெருகியதால், 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பயிரைத் தள்ளும் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், அதில் 45 சென்டிமீட்டர் மூடியிருக்க வேண்டும் என்பது தர விதி. வாடகை இயந்திரத்தை ஓட்டுமுன் ஒரு குச்சியால் அளந்து பார்ப்பது உழவர் பொறுப்பு.

விதைக்கும் உரத்துக்கும் கூட்டம் போடுகிற விரிவாக்கப் பணியாளர்கள், கருவியின் பிடியைப் பற்றிப் பேசுவதே இல்லை. மானியத்தில் வழங்கும் கருவிகளின் காம்பு ஆண் கையை மனத்தில் வைத்தே செய்யப்படுகிறது. களை எடுப்பதோ பெரும்பாலும் பெண்கள். 3 முதல் 4 சென்டிமீட்டர் கனமுள்ள காம்பு பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும். சிறிய கைக்கு அதிலும் மெல்லிய பக்கம் நல்லது. இந்த அளவைக் கொள்முதல் விதியிலேயே எழுதிவிடலாம். அதுவரை, மெலிந்த காம்பின்மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொள்ளலாம், நழுவவும் நழுவாது.