துணி ஊர்க்காரர்களுக்குத் துணிக்கூரையைக் கழுவத் தெரியாதா?



இன்றைக்குக் கொஞ்சம் காரமாகத்தான் எழுதப் போகிறேன். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அந்த உரிமை உண்டு.

நம் ஊர்த் தெருக்களில் இப்போது துணிக்கூரை வண்டிகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. 2020-இல் வந்த புதிய மஹிந்திரா தார், மடக்கும் கூரையோடும் கிடைத்தது. வசதி உள்ளவர்கள் பொத்தானை அமுக்கினால் கூரை பின்னால் மடங்கிப் போகும் வெளிநாட்டுக் கார்களும் வைத்திருக்கிறார்கள். உழைத்துச் சம்பாதித்தீர்கள், வாங்கினீர்கள். சந்தோஷம். அதைக் கழுவுகிற அழகைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

விடிந்ததும் பிரஷர் வாஷரை எடுத்துக் கூரைமேல் நேராகப் பீய்ச்சுவது, ஒரு கைப்பிடி துணி சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றுவது, தென்னை ஈர்க்குமாற்றால் தேய்ப்பது, ஈரம் காயுமுன்னே கூரையை மடக்கிவிட்டு கம்பெனிக்குக் கிளம்புவது. இதைச் செய்கிறவர்கள் யார்? ஷேடு லேசாக மாறினாலும் ரோலைத் திருப்பி அனுப்புகிற நீங்கள்! வாஷ்கேர் லேபிளில் ஒரு குறியீடு தப்பாக விழுந்தால் பையரிடம் பதில் சொல்லத் தெரிந்த நீங்கள்! வண்டியின் தலையில் இருப்பதும் துணிதான் என்பது உங்களுக்கு மட்டும் எப்படி மறந்துபோகிறது?

அந்தத் துணி என்ன துணி என்று பாருங்கள். நல்ல கார்க் கூரை பெரும்பாலும் மூன்று அடுக்கு. மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர், உள்ளே மெல்லிய அடித்துணி. மேல் அடுக்குக்கு டோப் டை. இழை உருவாகும் முன்பே கரைசலில் சாயம் சேர்த்துவிடுவார்கள். சாயப்பட்டறைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கும் மேலே, தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டோட ஒரு ஃபினிஷ் கொடுத்திருப்பார்கள். கூரையின் உயிரே அந்த ஃபினிஷில்தான் இருக்கிறது.

துணி சோப்புத்தூளில் சோடா இருக்கிறது, அது நல்ல காரம். சரியாக அலசாவிட்டால் அதன் மிச்சம் இழைக்குள் தங்கி, தண்ணீரை உருட்டிவிடுவதற்குப் பதில் உள்ளே இழுக்கும். ‘வாசனையாக இருக்கட்டும்’ என்று சாஃப்ட்னர் ஊற்றுகிறவர்களும் உண்டு. வாட்டர் ரிப்பலன்ட் துணிக்கு சாஃப்ட்னர் ஆகாது என்பது ஃபினிஷிங்கில் வேலை செய்கிற பையனுக்குக்கூடத் தெரியும். முதலாளி வீட்டு வாசலில் மட்டும் அது தெரியாமல் போகிறது.

அடுத்து பிரஷர். உங்கள் கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ. வீட்டுக்கு வாங்கும் சின்ன பிரஷர் வாஷரே 1,000 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கும். அதைத் தையல்மேல் காட்டினால் நூல் என்ன ஆகும்? ஊசி ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், இழை பிசிறும், ஓரத்து ரப்பர் பெயரும். பிறகு ‘கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் சார்’ என்று என்னிடம் வந்து புலம்பக் கூடாது.

சரியான முறை இதுதான். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். கூரையை மூடிப் பூட்டுங்கள். முதலில் தண்ணீரே வேண்டாம், மெல்லிய பிரஷ்ஷால் தூசியையும் வேப்பஞ்சருகையும் தட்டுங்கள். காக்கை எச்சம் காய்ந்து கிடந்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டுப் பிறகு ஒற்றி எடுங்கள். இரண்டு வாளி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் காரம் இல்லாத கார் ஷாம்பூ கொஞ்சம். சொம்பால் கூரையை நனைத்து, நெசவு போகிற திசையிலேயே மெதுவாகத் தேயுங்கள். கறை பட்ட இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே மட்டும் வெளுத்த மாதிரி தெரியும், எனவே முழுக் கூரையையும் செய்யுங்கள். நுரை போகும்வரை அலசுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், அழுத்தித் துடைக்காதீர்கள். முழுதாகக் காயும்வரை மடக்காதீர்கள். ஈரத்தோடு மடித்து வைத்த துணியில் பூஞ்சை பிடிக்கும் என்பதை கோடவுன் வைத்திருக்கும் உங்களுக்கு நானா சொல்ல வேண்டும்?

பின்பக்கம் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் இருந்தால் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். நம் ஊர் பனியன் வேஸ்ட் வண்டியின் உடம்பைத் துடைக்க அருமையானது. ஆனால் அதில் எலாஸ்டிக், ஜிப், பொத்தான் இருக்கிறதா என்று ஒருமுறை உதறிப் பாருங்கள். கூரைக்கு அது வேண்டாம், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கூரை மடங்குகிற பள்ளத்தில் தண்ணீர் வடியும் துளைகளைச் சருகு அடைத்துவிடாமல் பாருங்கள், அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் இறங்கும். தண்ணீர் உருளாமல் ஊறத் தொடங்கினால் மட்டும் துணிக்கூரைக்கென்றே விற்கும் பாதுகாப்புத் திரவத்தை அடியுங்கள்.

இதில் எங்காவது ஹோஸ் பைப் வந்ததா? இதற்கு நாலைந்து வாளி போதும். நான் கோபப்படுவதற்குப் பெரிய காரணமும் இதுதான். என் வீட்டு ஹோஸ் 15 லிட்டர் வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்புகிறது. இருபது நிமிடம் திறந்துவிட்டால் 300 லிட்டர். தினமும் அப்படி ஊற்றுவது கூரைக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

‘என் போர், என் தண்ணி சார்’ என்பீர்கள். நிலத்தடி நீர் உங்கள் காம்பவுண்டு சுவரோடு நின்றுவிடுவதில்லை கண்ணு. போதாததற்கு, நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அது காய்ந்தால் கறுப்புக் கூரைமேல் வெள்ளை வெள்ளையாகப் படியும்.

‘சாயப்பட்டறை லட்சக்கணக்கில் செலவழிக்குது, என் 300 லிட்டர்தான் கண்ணுக்குத் தெரியுதா?’ என்று இன்னொரு கேள்வி வரும். வரட்டும். பாசனத்துக்காக நொய்யலில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானதை நாம் கண்ணால் பார்த்தோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் தெரியும். அதன் பிறகு கழிவை வெளியே விடக் கூடாது, சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற விதியோடுதான் பட்டறைகள் ஓடுகின்றன. உங்கள் வாசலில் ஓடும் சோப்புத் தண்ணீருக்கு என்ன விதி? நேராகச் சாக்கடை, அங்கிருந்து பள்ளம், அங்கிருந்து நொய்யல். கம்பெனியில் சொட்டுத் தண்ணீருக்குக் கணக்கு எழுதுகிறவர் வீட்டில் கணக்கில்லாமல் விடுவது என்ன நியாயம்?

பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த நிலை வந்த பிறகுதான் வாளியைத் தேட வேண்டுமா?

‘டிவிஎஸ் ஃபிப்டி ஓட்டுற வாத்தியாருக்கு கன்வெர்ட்டிபிள் பத்தி என்ன தெரியும்?’ என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குக் காரைப் பற்றி அதிகம் தெரியாது, துணியையும் சோப்பையும் தண்ணீரையும் பற்றித் தெரியும். உங்களுக்கு அது என்னைவிடவே நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்யாமல் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

வண்டி கழுவுகிற தம்பியையோ டிரைவரையோ திட்டாதீர்கள். ‘பளபளன்னு இருக்கணும்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனால் அவர் என்ன செய்வார்? இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூட நின்று, பிரஷ்ஷை ஒருமுறை கையில் பிடித்துக் காட்டுங்கள். ஹோஸைச் சுருட்டி வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள், அழுக்கான பிறகு மட்டும் கழுவுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் வழக்கம்போல் சிவப்பு மை உண்டு.