கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயர்!

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதை. அதுவும் பழைய ஆங்கிலத்தின் சாயலில், எழுதியவரே உருவாக்கிய மொழிநடையில். முதல் நாவலுக்கே இந்த விஷப்பரீட்சை! யார் பணம் போடுவார்கள்?

பால் கிங்ஸ்நார்த், வாசகர்களிடமே கேட்டார். பிரிட்டனின் 'அன்பவுண்ட்' பதிப்பகம் அப்போது பின்பற்றிய வழி அது. எழுத்தாளர் தன் கதையைச் சொல்லி ஆதரவு திரட்டினார். படிக்க ஆசைப்பட்டவர்கள் முன்கூட்டியே பணம் கட்டினார்கள். உரிய தொகை சேர்ந்தால்தான் அச்சு. நண்பர்கள், உறவினர்கள் பட்டியல் சீக்கிரம் தீர்ந்துவிடும். முகம் தெரியாதவர்களும் நம்பிக் கொடுக்க வேண்டுமே!

கொடுத்தவர்களின் பெயர்கள் புத்தகத்தின் கடைசியில் அச்சாகின. நம்மூர் கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' எழுதுவதுபோலத்தான். ஆனால், வெளிச்சத்தை மறைக்காது!

'தி வேக்' 2014-ல் வெளியானது. அதே ஆண்டு மேன் புக்கர் நெடும்பட்டியலில் இடம்பிடித்தது. வாசகர் பணத்தில் உருவான நாவல் ஒன்று அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தது அதுவே முதல்முறை.