கோப்பையை மூடினார்கள், மைதானத்தையாவது காப்போம்!

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 20 ஆண்டுகளாக நடத்திவந்த ஏ.எஃப்.சி. கோப்பை என்ற சர்வதேச கிளப் பந்தயம் 2024 மே மாதத்தோடு முடிந்துபோயிற்று. மே 5ந் தேதி மஸ்கட் நகரில் கடைசி இறுதி ஆட்டம் நடந்தது. ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் கோஷ்டி, லெபனானின் அல்-அஹத் கோஷ்டியை 1-0 என்ற கணக்கில் தோற்கடித்துக் கோப்பையைப் பெற்றது. அத்துடன் அந்தப் பெயர் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது.

கொருக்குப்பேட்டையில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. கொருக்குப்பேட்டை கால்பந்து தெரியாத ஊரா? வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று சுற்றியுள்ள பேட்டைகள் எல்லாம் பந்துக்குப் பேர்போனவை. மண் தரையில் பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகள் இந்தியாவுக்காகவும் ஆடியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், ஆசியாவின் பந்தயம் ஒன்று செத்தபோது துக்கம் கேட்க ஒருவரும் இல்லையென்றால் கோளாறு ஜனங்களிடத்தில் இல்லை. அந்தப் பந்தயம் அவர்கள் கண்ணில் காட்டப்படவே இல்லை. ஏன் காட்டப்படவில்லை என்பதுதான் இங்கே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

தொழிற்சாலைக் கோஷ்டிகளின் காலம்

ஆசிய நாடுகளின் கிளப்புகள் ஒன்றோடொன்று மோதும் பந்தயம் 1967ல் பாங்காக்கில் தொடங்கிற்று. அன்று அதில் கோடீஸ்வர முதலாளிகளின் கோஷ்டிகள் இல்லை. 1969ல் மூன்றாவது இடத்தைப் பிடித்த ஜப்பானின் டோயோ கோக்யோ ஒரு மோட்டார் தொழிற்சாலையின் கோஷ்டி. இந்தியாவிலிருந்து 1969ல் மைசூர் ராஜ்யக் கோஷ்டியும், 1970ல் மேற்கு வங்காளக் கோஷ்டியும், 1971ல் பஞ்சாப் போலீஸ் கோஷ்டியும் சென்றன.

“பந்தாட்டத்தில் அரசியல் எதற்கு?” என்று கேட்கும் நண்பர்கள் 1971 பாங்காக் பந்தயத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். ஈராக்கின் அலியத் அல்-ஷுர்தா கோஷ்டி இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. எதிரே நின்றது இஸ்ரேலின் மக்காபி டெல் அவீவ். பாலஸ்தீன மக்களின் நிலத்தைப் பறித்த அரசின் கோஷ்டியோடு ஆடமாட்டோம் என்று ஈராக் வீரர்கள் மறுத்துவிட்டார்கள். பாலஸ்தீனக் கொடியை ஏந்தி மைதானத்தில் நின்றார்கள். ஆடாமலே மக்காபிக்குக் கோப்பை கொடுக்கப்பட்டது. அதன்பின் 1985 வரை அந்தப் பந்தயமே நடக்கவில்லை. கோப்பையை இழந்தவர்களின் பெயர்தான் அரபு மக்களின் நெஞ்சில் நின்றது.

தரம் பிரித்தார்கள்

1990ல் நாட்டுக் கோப்பைகளை வென்ற கிளப்புகளுக்கென்று இன்னொரு ஆசியப் பந்தயம் வந்தது. 2002ல் அதையும் மூடி, எல்லாவற்றையும் ‘சாம்பியன்ஸ் லீக்’ என்ற ஒரே பந்தயத்தில் கொட்டினார்கள். பிறகு தேசங்களைத் தரம் பிரித்தார்கள். வளர்ந்த நாடுகளுக்கு முதல் தரம். ‘வளரும்’ நாடுகளுக்கு 2004 முதல் ஏ.எஃப்.சி. கோப்பை, ‘புதிதாய் எழும்’ நாடுகளுக்கு 2005 முதல் பிரசிடெண்ட் கோப்பை. உலகச் சந்தையில் ஏழை நாடுகளை எந்த வரிசையில் நிறுத்துகிறார்களோ, அதே வரிசைதான் இங்கும்.

ஆயினும், கொடுத்த மூலையில் நின்றுகொண்டே அந்த நாடுகள் சாதித்துக் காட்டின. சிரியாவின் ராணுவக் கோஷ்டியான அல்-ஜெய்ஷ் 2004ல் முதல் ஏ.எஃப்.சி. கோப்பையை வென்றது. அந்நியப் படையெடுப்பால் சின்னாபின்னமான ஈராக்கில் சர்வதேசப் போட்டி ஆட்டங்கள் நடத்த 2018 தொடக்கம் வரை அனுமதி இல்லை. அந்த நாட்டின் விமானப்படைக் கோஷ்டி 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையைக் கைப்பற்றியது. பிரசிடெண்ட் கோப்பையை 2005, 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் வென்ற தஜிகிஸ்தானின் ரெகார்-ததாஸ், ஓர் அலுமினியத் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய கோஷ்டி! அந்தப் பந்தயம் 2014ல் கொழும்பில் நடந்த இறுதி ஆட்டத்தோடு நிறுத்தப்பட்டது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1974 மே 8ந் தேதி, கிழக்கு ஜெர்மனியின் இயந்திரத் தொழில் நகரமான மக்டபர்க்கின் கோஷ்டி, ரோட்டர்டாமில் இத்தாலியின் மிலான் கோஷ்டியை 2-0 என்று வீழ்த்திக் ‘கோப்பை வென்றோர் கோப்பை’யை எடுத்துச் சென்றது. உள்ளூர்ப் பிள்ளைகள் உலகப் புகழ் வீரர்களை வென்ற நாள் அது. 1960ல் பிறந்த அந்தப் பந்தயத்தை 1999ல் மூடினார்கள். பெரிய கிளப்புகளும் டெலிவிஷன் கம்பெனிகளும் விரும்பிய சாம்பியன்ஸ் லீக் அப்போது ஊதிப் பெருத்துக்கொண்டிருந்தது. சிறிய ஊர்களுக்கு வாய்ப்பளித்த பந்தயத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

சென்னையின் ‘சொந்த மைதானம்’ ஆமதாபாத்!

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையின் பெயரைத் தாங்கிய இரண்டு கோஷ்டிகள் ஆசியப் பந்தயங்களில் ஆடியிருக்கின்றன. 2018ல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி., 2019ல் ஏ.எஃப்.சி. கோப்பைக்குச் சென்றது. கொழும்பு கோஷ்டியைத் தகுதி ஆட்டத்தில் வென்றது. டாக்கா அபஹானி, நேபாளத்தின் மனாங் மர்ஸ்யாங்டி, மினர்வா பஞ்சாப் ஆகியவற்றோடு ஒரே பிரிவில் மோதியது. முடிவில் அபஹானி முன்னேறியது.

இந்தப் பந்தயங்களில் ‘சொந்த மைதான’ ஆட்டங்கள் எங்கே நடந்தன? பெரியமேடு நேரு ஸ்டேடியத்திலா? இல்லை. குஜராத்திலுள்ள ஆமதாபாத்தில்! 2018-19ல் ஐ-லீக் சாம்பியனான சென்னை சிட்டி கோஷ்டிக்கும் இதே கதிதான். 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல்-ரிஃபா கோஷ்டியுடன் சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்தை அது ‘சொந்த மண்ணில்’ ஆடியதும் ஆமதாபாத்தில்தான். அவ்வாண்டு ஏ.எஃப்.சி. கோப்பையில் அது ஒரே ஓர் ஆட்டம் ஆடியது. கொரோனா வந்து பந்தயமே ரத்தாயிற்று.

கொருக்குப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரல். அங்கிருந்து நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆமதாபாத்தோ 1,800 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற தோழரும், சரக்கு யார்டில் வேலை செய்கிற தோழரும் ஒரு மாலை ஆட்டத்துக்காகக் குஜராத் போய்வர முடியுமா? ஈராக் கோஷ்டி அந்நிய மண்ணில் ஆடியதற்குக் காரணம் யுத்தம். சென்னையில் என்ன யுத்தம் நடந்தது?

நேரு ஸ்டேடியம் சர்வதேச ஆட்டம் காணாத இடமல்ல. 1993ல் நேரு கோப்பைப் பந்தயம் சென்னையில்தான் நடந்தது. வட கொரியா வென்றது. பக்கத்து ஊரையும் பாருங்கள். 2016 அக்டோபரில் மலேசியாவின் ஜோஹோர் கோஷ்டியை ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியில் பெங்களூரு எஃப்.சி. 3-1 என்று தோற்கடித்தது, அந்நகரின் நடுவிலுள்ள கண்டீரவா ஸ்டேடியத்தில். அந்தப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்துக்குச் சென்ற முதல் இந்திய கிளப் அதுவே. அந்த கிளப்பும் ஓர் உருக்கு முதலாளியின் சொத்துதான். ஆயினும் ஊர் ஜனங்கள் தங்கள் கண்ணால் ஆட்டத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தக் கோப்பை ஒரு நினைவு. நமக்கு அது வெறும் பத்திரிகைச் செய்தி.

யார் கையில் ஆட்டம்?

இது தற்செயலாக நேர்ந்ததல்ல. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வர்த்தக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ரிலையன்ஸ்-ஐ.எம்.ஜி. கூட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. 2014ல் ஐ.எஸ்.எல். பிறந்தது. இடத்தை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கே அன்று அதில் இடம் இருந்தது. சென்னை சிட்டி ஐ-லீக்கில் நாட்டுச் சாம்பியனான பின்னும் அதில் நுழைய அப்போது வழி இருக்கவில்லை. ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில், அடுத்த பருவத்தையே கம்பெனி நிறுத்திவைத்தது. கணக்குப் புத்தகத்தில் சிக்கல் என்றால் நாடு முழுவதிலும் ஆட்டக்காரன் வேலையில்லாமல் நிற்கவேண்டும். ஆலை முதலாளி கதவடைப்புச் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

“ஏ.எஃப்.சி. கோப்பை போனால் என்ன? அதற்குப் பதிலாக இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று புதிய பந்தயங்கள் வந்திருக்கின்றனவே!” என்று சிலர் வாதிக்கலாம். உண்மை. மூன்றாம் அடுக்கான சாலஞ்ச் லீகில் 2024ல் பூட்டானில் ஈஸ்ட் பெங்கால் ஆடியது. வங்காளதேசத்தின் பசுந்தரா கிங்ஸை 4-0 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் போட்டவர் நம் வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர். நமக்கு மெத்தப் பெருமை! ஆனால் அந்தப் பிள்ளை ஆசியாவில் கோல் போட கல்கத்தா கிளப்பின் சட்டையை அணியவேண்டி வந்தது.

அடுக்குகளின் பரிசுத் தொகையையும் பாருங்கள். முதல் அடுக்கில் வெல்வோருக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் என்று அறிவித்தவர்கள், மூன்றாம் அடுக்குக்கு அறிவித்தது 10 லட்சம். 2025ல் முதல் அடுக்கின் காலிறுதி முதல் எல்லா ஆட்டங்களையும் சவூதியின் ஜெட்டா நகரிலேயே வைத்துக்கொண்டார்கள். எண்ணெய்ப் பணம் எங்கே உண்டோ அங்கே ஆட்டம்! சென்னை ஆட்டம் ஆமதாபாத்துக்குப் போனதும், ஆசியாவின் ஆட்டம் ஜெட்டாவுக்குப் போனதும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள். ஆடுகிறவன் ஊரிலிருந்து ஆட்டம் பிரிக்கப்படுகிறது.

மணிக்கு 120 ரூபாய்

இந்த நோய் நம் தெருமுனைக்கும் வந்தது. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விடுவது. ஆடுகிற ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு பக்கமும் 11 பேராக 22 பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஆட 2,640 ரூபாய்! கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை எங்கே போவான்? மக்கள் வரிப்பணத்தில் போட்ட புல்லை மக்களுக்கே மணிக் கணக்கில் விற்பதா?

எதிர்ப்பு கிளம்பிற்று. மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது. விளையாட்டு வீரர்களும் பெற்றோர்களும் எதிர்த்தார்கள். ஓரிரு நாட்களுக்குள் தீர்மானம் கைவிடப்பட்டது. மைதானங்கள் கட்டணமின்றியே இருக்கும் என்று மாநகராட்சி அறிவித்தது. இது சிறிய வெற்றி என்று யாரும் எண்ணவேண்டாம். பாங்காக்கிலும் மஸ்கட்டிலும் கோப்பைகளைத் தொடங்குவதிலும் மூடுவதிலும் நம்மை யாரும் கேட்கவில்லை. மைதானத்தை மூடவந்தபோது, கேட்காமலே நாம் பதில் சொன்னோம். அந்தப் பதில் செல்லுபடியாயிற்று.

ஆகவே நாம் கோருவது இவைதாம். மாநகராட்சி மைதானங்கள் என்றென்றும் இலவசம் என்பதை மாமன்றம் சட்டபூர்வமான தீர்மானமாக எழுதி வைக்கவேண்டும். தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கும் கோஷ்டி எதுவாயினும் அதன் சர்வதேச ஆட்டங்கள் தமிழ்நாட்டில் நடக்க சர்க்கார் தன் ஸ்டேடியங்களைத் தயாராக வைத்திருக்கவேண்டும். உழைப்பாளி வாங்கக்கூடிய விலையில் கேலரி டிக்கட் இருக்கவேண்டும். ஐ.சி.எஃப்., ரயில்வே, துறைமுகம், பாங்குகள் ஆகியவற்றில் ஆட்டக்காரர்களுக்கு நிரந்தர வேலையோடு கோஷ்டிகளைப் பலப்படுத்தவேண்டும். ஒப்பந்தக் கூலி முறை பெருகினால் தொழிலாளியின் வேலை மட்டும் போவதில்லை. அவன் மகன் ஆடுகிற கோஷ்டியும் போய்விடும்.

வேரில்லாத மரம் காற்றில் சாய்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏ.எஃப்.சி. கோப்பை நமக்கு அப்படித்தான் சாய்ந்தது. அடுத்து ஒரு கோப்பை வரட்டும். எந்தப் பெயரில் வேண்டுமானாலும் வரட்டும். அது கொருக்குப்பேட்டை ரயிலில் ஏறிப் பார்க்கக்கூடிய தூரத்தில் வரவேண்டும். அதற்கு முதலில், மாலை நேரத்தில் நம் பிள்ளைகள் பந்தோடு இறங்க ஒரு மைதானம் வேண்டும். அதை விட்டுக்கொடுக்காதீர்கள், தோழர்களே!